உரசல் அண்ணனின் மார்க்கு

அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டன் வரைக்கும் உரசல் அண்ணனின் முதுகு படாத தூண் கிடையாது. சவுக்கு மரம், கரண்ட் கம்பம், பஸ்ஸின் பின்பக்கக் கம்பி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. நான் வேலை செய்த தோல் கிளினிக்கின் கதவு நிலையில், அவருடைய உயரத்துக்குச் சரியாகப் பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் கரப்பான் நோய். குளிர் கூடினால் அரிப்பும் கூடும். எங்கள் தேயிலை மலைப் பக்கம் குளிர் எப்போது குறைந்தது? கிளினிக் அட்டையில் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் சேர்ந்து யாரென்று சுற்றிப் பார்ப்பார்.

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "நின்னா கம்பி கெடைக்கும் தங்கச்சி. ஒக்காந்தா என்ன கெடைக்கும்?" என்பார். ஒருநாள் கண்டக்டர், "அண்ணே, நீங்க ஒரசுற ஒரசல்ல பஸ்ஸு பள்ளத்துப் பக்கமா சாயுது!" என்று கத்தினாராம். இவர் உடனே மலைப் பக்கமாகத் திரும்பி நின்று உரசினாராம்.

அப்போது புதிதாக ஒரு டொக்டரம்மா வந்தார். சிங்களப் பெண், இளம் வயது. அரிப்பு ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். 'ரொம்ப' என்றால் மார்க்கு கூடும். 'இல்லவே இல்லை' என்றாலும், 'எனக்குப் பொருந்தாது' என்றாலும் மார்க்கு கிடையாது. மார்க்கு கூடியவர்களைத்தான் முதலில் கண்டிக்குப் பெரிய வைத்தியத்துக்கு அனுப்புவார். தமிழில் கேட்டு எழுதுவது என் வேலை. நோயாளிக்காக நான் பதில் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

"போன கெழம அரிப்பால வேல செய்யக் கஷ்டமா இருந்துச்சா அண்ணே?"

"வேலைக்கே போறதில்லையே. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறத விட்டு எவ்வளவு காலமாச்சு!"

பொருந்தாது.

"வெளையாட்டுல ஏதும் தடங்கல்?"

"இந்த வயசுல என்னைய கிரிக்கெட்டுக்கா கூப்புடுறாங்க?"

பொருந்தாது.

"கூட்டாளிங்களோட பழகுறதுல கரைச்சல், தொந்தரவு ஏதும் இருக்கா?"

"யாரும் வர்றதில்ல. வந்தாத்தானே கரைச்சல்?"

பொருந்தாது.

"வீட்டுல அக்காவோட, ஒங்க சம்சாரத்தோட?"

"அவ மக வீட்டுல இருக்கா. நான் ராவெல்லாம் சொறிஞ்சா அவ எப்புடித் தூங்குவா?"

அதுவும் பொருந்தாது.

"மார்க்கு எப்புடி, தங்கச்சி?"

"கொறச்சல்தான் அண்ணே."

"பெயிலா?"

"இல்ல, இதுல கொறஞ்சாத்தான் நல்லமாம்."

"அட! பள்ளிக்கூடத்துலயும் இப்புடி வச்சிருந்தா நான் தோட்டத்துத் தொரையாவே ஆயிருப்பேன்!"

சாதாரணக் களிம்பைக் கொடுத்து அனுப்பினோம். பின்னேரம் வெளியே வந்து பார்த்தால், வாங்குப் பலகையில் நோயாளிகளுக்கு நடுவே இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"பஸ் போயிருமே அண்ணே, கெளம்பலையா?"

"கொஞ்சம் இருந்துட்டுப் போறேன். இங்க நான் ஒக்காந்தா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. எல்லாரும் சொறியிறவங்கதானே. பஸ்ஸுல நான் ஒக்காந்தா பக்கத்துல இருக்கவங்க எந்திரிச்சுருவாங்க. பாவம், நம்மளால அவங்க ஏன் நிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் அண்ணன் சொன்னதை டொக்டரம்மாவிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் அண்ணனை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை தாளை ஓரமாக வைத்துவிட்டு, இந்தத் தோல் வருத்தம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். கோயில் திருவிழாவுக்குச் சாம்பார் வைப்பது அவர்தானாம். தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அடுப்படி அவர் பொறுப்பாம். "கையில தோலு உரிய ஆரம்பிச்சதும், 'இந்த வருசம் நீங்க ஓய்வா இருங்க அண்ணே'ன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு வருசமும் ஓய்வுதான்."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் டொக்டரம்மா மார்க்கைப் பார்க்காமல் கண்டிக்குக் கடிதம் எழுதினார்.

கண்டி வைத்தியத்தில் அரிப்பு பாதி அடங்கியது. அண்ணன் ராவில் தூங்கினார். மனைவி தீபாவளிக்கு வந்தார். குளிர் இறுகியதும் அரிப்பு மறுபடி தலைகாட்ட, மனைவி மகள் வீட்டுக்கே திரும்பிவிட்டார். கோயில் அடுப்பில் வேறொருவர் நிலைத்துவிட்டார். கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "அவன் நல்லாத்தான் வைக்கிறான்" என்று கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டார்.

அடுத்த தடவை அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கூட்டாளிகளைப் பற்றிய கேள்வி வந்ததும் 'பொருந்தாது' என்று எழுதத் தயாராகப் பேனாவை வைத்தேன்.

"இரு, இரு" என்றார். "கூட்டாளின்னா நீ இருக்கியே தங்கச்சி. என்னால ஒனக்குக் கரைச்சலா?"

"இல்லவே இல்லண்ணே" என்றேன். அவருக்காக நான் சொன்ன ஒரே பதில் அதுதான்.