இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறாதவர்கள்

உங்கள் பிள்ளைக்குக் கடைசியாக ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தீர்களே, எதைப் பார்த்து எடுத்தீர்கள்? உள்ளே நான்கு பக்கமாவது படித்தீர்களா? பொய் சொல்லாதீர்கள். அட்டையைப் பார்த்தீர்கள், திருப்பிப் பின்னட்டையில் போட்டிருந்த வயதைப் பார்த்தீர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தடிமன் பார்த்தீர்கள், எழுத்து பெரிதாக இருக்கிறதா, பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கிறதா, கடைசியில் நல்ல பிள்ளைக்குப் பரிசும் கெட்ட பிள்ளைக்கு உதையும் கிடைக்கிறதா என்று பார்த்தீர்கள். பிள்ளையைப் பார்த்தீர்களா? அது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

கோபம் வேண்டாம். நீங்கள் தனி ஆள் இல்லை. இது பெரிய இனம். விரல் அகலத்தை, அதாவது விரற்கடையை, வைத்துப் புத்தகத்தை அளப்பதால் விரற்கடைக்காரர்கள் என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். புத்தகத்தைத் திறக்காமலே அது யாருக்கு ஏற்றது என்று சொல்லிவிடும் ஞானம் படைத்தவர்கள்.

இவர்களில் பல வகை உண்டு. எங்கள் ஊர்ச் சந்தையில் பழைய புத்தகம் விற்கும் கடைக்கு ஒரு தகப்பன் வந்தார். மகனுக்குப் பிறந்தநாளாம். "முப்பத்திரண்டு சென்டிமீட்டருக்குப் பச்சை அட்டையா குடுங்க" என்றார். கண்ணாடி அலமாரியில் அவ்வளவுதான் இடம் மிச்சம். மகனுக்கு என்ன பிடிக்கும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, பச்சை பிடிக்கும் என்று தயங்காமல் பதில் வந்தது. இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் பள்ளிகளில் பிள்ளைகளைக் கடிகாரம் வைத்துப் படிக்கச் சொல்வார்கள்; நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணி மதிப்பெண் போடுவார்கள். இவர் அதையும் தாண்டிப் போனவர். நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் படிக்கிற பிள்ளைக்குத் தொண்ணூறு பக்கப் புத்தகம், நூற்றிருபது படிக்கிற பிள்ளைக்கு நூற்றிருபது பக்கம். திக்குவாய்ப் பையன் ஒருவன் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு பக்க வாத்துக் கதையையே படித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில், பெரியப்பாவின் விமான எந்திரப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் இவர்கள் எல்லாரும் சைரகுல் எஜேவுக்கு முன்னால் கால்தூசு.

எஜே என்றால் எங்கள் மொழியில் அக்கா. எங்கள் பனிமலை நாட்டில் வாத்தியாரம்மாவிலிருந்து ரொட்டி விற்கிறவள் வரை எல்லாரும் எஜேதான். நாரின் ஆற்றை ஒட்டிய எங்கள் சிற்றூரில் பிள்ளைகள் நூலகத்தை இருபத்தாறு ஆண்டுகளாக நடத்துகிறவர் சைரகுல் எஜே. கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அரசாங்கம் அனுப்பும் நிலக்கரி தை மாதத்தோடு தீர்ந்துபோனால், தன் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து நூலக அடுப்பை எரிப்பார். ஈரக் காலணியோடு வரும் பிள்ளைக்குத் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றிக் கொடுப்பார். கொடுக்காத ஒன்றே ஒன்று, அந்தப் பிள்ளை கேட்ட புத்தகம்.

அவர் சட்டம் எளிமையானது. முதல் இரண்டு வகுப்புக்கு ஒரு விரற்கடைத் தடிமன். மூன்று, நான்குக்கு இரண்டு விரற்கடை. அதற்கு மேல் மேல்வகுப்பு. இளஞ்சிவப்பு அட்டை பெண்பிள்ளைக்கு. குதிரை, ஓநாய், டாங்கி போட்டது ஆண்பிள்ளைக்கு. நடக்கப் பழகும் முன்பே பெண்பிள்ளைகளைக் குதிரை மேல் ஏற்றிவிடுகிற ஊரில் இப்படி ஒரு சட்டம்! படம் இல்லாதது, சாம்பல் நிற அட்டை உள்ளது, "துக்கமான கனம்" உள்ளது எல்லாம் பதினாறு வயதுக்கு. துக்கமான கனம் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். புத்தகத்தை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "வச்சாலே தெரியும்" என்றார். இப்போது அச்சாகும் புத்தகங்களில் வயது போட்டே வருகிறது. பழையவற்றில் இல்லையே என்று அவருக்கு வருத்தம். தன் காசில் ரப்பர் முத்திரை செய்து, எட்டாயிரம் புத்தகங்களுக்கும் வயது குத்தினார். இரண்டு குளிர்காலம் ஆனது. எட்டாயிரத்தில் ஒன்றையும் திறக்கவில்லை. எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்!

இப்போது புருல் வருகிறாள்.

புருலுக்குப் பத்து வயது, நான்காம் வகுப்பு. அவள் அக்கா அனாருக்குப் பத்தொன்பது. அந்த இலையுதிர் காலத்தில் சந்தை நடுவே அனார் வலிப்பு வந்து விழுந்தாள். பட்டணத்து மருத்துவர் மாத்திரை கொடுத்தார். விழுவது குறைந்தது, நிற்கவில்லை. முழுதாக நிற்காததைச் சாக்காக வைத்துச் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மலைமேல் ஒருவர் இருக்கிறார், உள்ளே புகுந்ததை ஓதி விரட்டுவார் என்றார்கள். அவரும் நாள் குறித்துக் கொடுத்தார். வசந்தப் பண்டிகை முடிந்த இரண்டாவது ஞாயிறு. சவுக்கால் ஏழு அடி. அன்றைக்கே மாத்திரையை அடுப்பில் போட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பதற்கு மாத்திரை பிடிக்காதாம்.

அடிவாங்கப் போகிறவளைத் தவிர வீட்டில் வேறு யாரும் அழவில்லை. புருல் தன் தகப்பனிடம் போய் நின்றாள். தெமிர்பெக் வேன் ஓட்டுகிறவர். முரடர் இல்லை, குடும்பத்துக்கு மூத்தவரான தன் பெரியப்பாவின் பேச்சைத் தட்டத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"நீ சொல்லி நான் நிறுத்த முடியுமா குட்டி?" என்றார். "தப்புன்னு அச்சுல எங்கயாச்சும் போட்டிருந்தா எடுத்துட்டு வா. எங்க பெரியப்பா முன்னால வச்சுப் பேசறேன்."

அச்சில் இருந்தால் உண்மை என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான். ஆனால் புருலுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். அவள் நூலகத்துக்கு ஓடினாள்.

"எஜே, மூளையப் பத்திப் புஸ்தகம் வேணும்."

"எந்த வகுப்பு கண்ணு?"

"நாலு."

"நாலாவதுக்கு மூளை கிடையாதும்மா. எட்டாவதுலதான் வரும்."

சிரிக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை. மேல்தட்டில் 'வீட்டு மருத்துவம்' என்று முதுகில் எழுதிய சாம்பல் நிறப் புத்தகத்தைப் புருல் கைகாட்டினாள். எஜே அதை எடுத்து, விரலை வைத்து அளந்து காட்டினார். நான்கு விரற்கடை. உள்ளங்கையில் வைத்தார். துக்கமான கனம். பிறகு அன்பாக, மிகவும் அன்பாக, தொப்பி போட்ட முயல் கதையை அவள் கையில் வைத்தார்.

இரண்டாம் முறை வந்தபோது, அக்காவுக்காகத்தான் என்று விவரத்தையும் சொன்னாள். எஜேவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ பாவம், மனசு சந்தோஷமா இருக்கணும் என்று படம் நிறைய உள்ள இன்னொரு முயலைக் கொடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது சாம்பல் நிறப் புத்தகம் தட்டில் இல்லை. அலமாரியின் கால் ஒன்று உடைந்துபோயிருந்தது. முட்டுக்கொடுக்க நான்கு விரற்கடையில் ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமான வாசகரை எஜே கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

மூன்று முறையும் நான் மூலை மேஜையில்தான் இருந்தேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் அநியாயங்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் மாசிப் பனியில் 'புத்தக ஆஸ்பத்திரி' நடக்கும். பிள்ளைகள் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு, மாவுப் பசையும் கத்தரியும் ஊசிநூலுமாக உட்கார்ந்து, கிழிந்த புத்தகங்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். அலமாரிப் பாரத்தில் முதுகு முறிந்து மூன்று துண்டாகிப்போன 'வீட்டு மருத்துவம்' நோயாளியாக வந்தது. அதை யாரும் தொடவில்லை. புருல் எடுத்துக்கொண்டாள்.

நரம்பு நோய்கள் என்ற பகுதி நாற்பது பக்கம். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நூலகச் சொத்தைத் திருடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதோடு, வெறும் கிழிந்த தாள்களைப் புத்தகம் என்று பெரியப்பா ஒத்துக்கொள்வாரா? அட்டை வேண்டும், முத்திரை வேண்டும். அங்கே இன்னொரு நோயாளியும் கிடந்தது: உள்ளே ஒரு தாளும் மிஞ்சாத, இளஞ்சிவப்பு அட்டை மட்டும் உள்ள ஒரு பூனைக்குட்டிக் கதை. பின்னட்டையில் ஆறு வயதுக்கு மேல் என்று பளிச்சென்ற முத்திரை.

நாற்பது பக்கத்தையும் அந்தப் பூனைக்குட்டி அட்டைக்குள் வைத்து அவள் தைத்தாள். பசை தடவினாள். கல்லை வைத்து அழுத்தினாள். பிற்பாடு கையில் வாங்கிப் பார்த்தேன்; அவ்வளவு நேர்த்தியான தையலை நான் கண்டதில்லை. மிச்சத்தைச் சாம்பல் அட்டைக்குள்ளேயே ஒட்டி வைத்தாள். குணமான புத்தகங்களை எஜே வாங்கி, கண்காட்சிக்காகக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டினார். வசந்தப் பண்டிகையை அடுத்து வரும் பிள்ளைகள் புத்தக வாரம் முடியும் வரை அவற்றை யாருக்கும் தர மாட்டார்கள். வாரம் முடிவது வெள்ளிக்கிழமை. சவுக்கு ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர் வந்திருந்தார்கள். தெமிர்பெக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் இருந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு வந்திருந்தார். சைரகுல் எஜே பெட்டியைத் திறந்து, குணமான புத்தகங்களை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி இன்னது இன்னாருக்கு என்று அறிவித்தார். பூனைக்குட்டி வந்தது. எடுத்தார். அட்டையைத் தடவினார். தடிமன் பார்த்தார்: ஒரு விரற்கடைக்குள். வயது பார்த்தார். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். துக்கம் இல்லை போலிருக்கிறது, முகம் மலர்ந்தது.

"நம்ம புருலுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அது உண்மை என்று கூடத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அலுவலக அம்மையார் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினார். புருல் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். வலிப்பு என்பது மூளையில் வருகிற ஒரு நோய் என்று படித்தாள். அது ஒட்டிக்கொள்ளாது; எந்த ஆவியும் அதற்குக் காரணம் இல்லை. விழுந்தவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி திணிக்காதீர்கள், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்காமல் படித்தாள்.

கடிகாரம் கிணுகிணுத்தது.

"நூத்திப் பதினெட்டு சொல்லு" என்றார் அம்மையார். "நாலாவதுக்கு ரொம்ப நல்ல வேகம். அடுத்த பிள்ளை வரலாம்."

நூற்றுப் பதினெட்டையும் எண்ணியவருக்கு அதில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. எஜே கை தட்டினார்.

பின் வரிசையில் தெமிர்பெக் எழுந்துவிட்டார். "குட்டி, கடைசியா படிச்சத இன்னொருவாட்டி படி."

"நேரம் முடிஞ்சுபோச்சு, அண்ணே" என்றார் அம்மையார்.

"நேரத்த நீங்களே வச்சுக்கோங்கம்மா. எனக்கு அந்த மாத்திர விஷயம் வேணும்."

புருல் மறுபடியும் படித்தாள், இந்த முறை மெதுவாக. தெமிர்பெக் மேடைவரை நடந்து வந்து, அச்சைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார். பூனைக்குட்டி அவரைப் பார்த்துச் சிரித்தது. மகளைப் பார்த்தார். அவள் விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு இருந்தது. புத்தகத்தை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் வீடு இருக்கும் பக்கம் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேன் மலைக்கு ஏறவில்லை. எட்டு மணி நேரம் ஓடிப் பட்டணத்து மருத்துவரிடம் போனது. மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். அனார் முழுதாகக் குணமாகிவிட்டாள் என்று நான் கதைவிடப் போவதில்லை. எப்போதாவது விழுகிறாள். விழுந்தால், அந்த வீட்டில் இப்போது யாரும் கரண்டியைத் தேடுவதில்லை. முதுகில் சவுக்குத் தழும்பும் இல்லை.

சைரகுல் எஜே திருந்தினாரா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் கேட்கிறீர்களே. நூற்றுப் பதினெட்டுச் சொல்லுக்கு வந்த பாராட்டுத்தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் புள்ளைக்கு அந்தப் புஸ்தகத்த நான்தான் எடுத்துக் குடுத்தேன், அட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்கிறார். விஷயம் முழுதும் தெரிந்த பிறகு ஒரே ஒரு சீர்திருத்தம் செய்தார். பூனைக்குட்டி அட்டை போட்ட புத்தகங்கள் எல்லாவற்றிலும் இப்போது பதினாறு வயது முத்திரை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே இதைப் படித்து முடிக்க இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கீழே ஒரு பார்வை பார்த்தீர்களா இல்லையா? அதுதான் அறிகுறி. ஆரம்ப நிலை.

இந்த வாரமே ஒரு பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன தெரிஞ்சாகணும்?" என்று கேளுங்கள். பதில் எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் காது கொடுங்கள். பிறகு உங்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்; மேல்தட்டுக்குப் பிள்ளையின் கை எட்டவில்லை என்றால் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.