பொறுங்க அண்ணன் மவுஸ் பார்த்த கதை

அரூரில் இன்றைக்கும் நாலு வீட்டில் சட்னியை அம்மியில்தான் அரைக்கிறார்கள். கரண்ட் இல்லாமல் இல்லை, காசும் இல்லாமல் இல்லை. மிக்சி வாங்குவதற்கு முன்னால் அந்த நாலு வீட்டுக்காரர்களும் பொறுங்க அண்ணனிடம் போய் யோசனை கேட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று ஆதார் அட்டையில் இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், "பொறுங்க, பாத்து சொல்றேன்" என்பார். அதனால் அந்தப் பேர். எல்லோருக்கும் மரியாதை கொடுப்பார். கடை வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட, "கொஞ்சம் நகருங்க" என்றுதான் சொல்வார். ஷட்டரை இறக்கினால் செல்போனில் ரிவ்யூ வீடியோ பார்ப்பார். டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர், டிராக்டர் டயர் என்று எல்லாவற்றையும் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் எதையும் வாங்க மாட்டார், மற்றவர்களையும் வாங்க விட மாட்டார்.

ஒரு ஹெட்மாஸ்டர் மாசி மாதம் ஃப்ரிட்ஜ் பற்றிக் கேட்டார். "பொறுங்க சார், ஆடித் தள்ளுபடி வருது" என்றார். ஆடி வந்தது. "பொறுங்க, தீபாவளிக்குப் புது மாடல் விடறாங்க." தீபாவளி வந்தது. "குளிர்காலம் வருதுங்க, இப்ப எதுக்கு ஃப்ரிட்ஜ்? பொறுங்க." ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்னும் தினம் இரண்டு வேளை கடைக்கு நடந்து போய்த் தயிர் பாக்கெட் வாங்கி வருகிறார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் இவருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பெண்ணின் அப்பா, "புடிச்சிருக்குதுங்களா மாப்ள?" என்று கேட்டார். நம் ஆள், "பொறுங்க, இன்னும் நாலு எடம் பாத்துட்டு சொல்றேன்" என்றார். அந்தப் பெண்ணின் மூத்த மகன் போன வருஷம் இவர் கடைக்கே வந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனான். இவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளிடம் என் மகளுக்கு மவுஸ் எதை வாங்கலாம் என்று நானே போய்க் கேட்டேன். பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். குட்டியானை வண்டியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரிக்கு ஓட்டுகிறேன். வயர் இல்லாத மவுஸ் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மகள் மதுமிதா சேலத்தில் கல்லூரி படிக்கிறாள். தினமும் மஞ்சவாடி கணவாய் வழியாகப் பஸ்ஸில் லேப்டாப்போடு போய் வருவாள். அவர்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் கேம் ஆடுவதற்கு ஒரு டீம் இருக்கிறதாம். அஞ்சு பேர் சேர்ந்து, எதிர் டீமைச் சுடுகிற விளையாட்டு. நாலு பேரை எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பேர் போட்டி, அதில் ஒருத்தி இவள். சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. ஜெயித்தால் டீமோடு கோயமுத்தூர் போட்டிக்குப் போகலாம்.

திங்கட்கிழமை வந்து சொன்னாள். "அப்பா, கேப்டன் அக்கா சொல்லிட்டாங்க. லேப்டாப்புல வெரல தேச்சிக்கினு வந்தா ஒக்காரவே வுட மாட்டாங்களாம். மவுஸ் வேணும். கேமுக்கும் ஆவணும், பையில வச்சி தூக்கிக்கினு போவவும் ஆவணும்."

நான் அவளைப் பொறுங்க அண்ணன் கடைக்கு அழைத்துப் போனேன்.

முதலில் அவர் கடை மவுஸைப் பார்க்க வேண்டும். வயர் வைத்த பழைய மவுஸ். இடது பட்டன் உட்கார்ந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார். ஒரு பிரிண்ட் கொடுக்க எழுந்து நின்று கட்டை விரலால் உடம்பு பாரம் முழுக்கப் போட்டு அழுத்துவார்.

"புதுசு ஒண்ணு வாங்கலாமில்லணா?" என்றேன்.

"பாத்துக்கினுதான் இருக்கேங்க. ஆறு வருசமா பாக்கறேன்."

அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் அவர் மதுவிடம், "பாப்பா, கையக் குடுங்க" என்று வாங்கி, ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேல் வைத்து மூடியைச் சாத்தினார். விளக்கு ஓடியது. மகளின் கை ஒரு ஏ4 தாளில் கறுப்பாக வந்து விழுந்தது.

"இது எதுக்கு மாமா?"

"மவுஸ்ங்கறது செருப்பு மாதிரிங்க பாப்பா. அளவு இல்லாம வாங்கக் கூடாது."

அந்தக் கையைக் கத்தரியால் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கச்சேரி மேட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போய், ஒவ்வொரு மவுஸ் மேலும் அந்தக் காகிதக் கையைப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார். "ஏங்க, உங்க பொண்ணு கைய வச்சிக்கினு ஒரு ஆளு ரெண்டு மணி நேரமா நிக்கறாரு. வர்ற பார்ட்டி எல்லாம் பயந்துக்கினு போவுது."

செவ்வாய்க்கிழமை கேள்விகள். உள்ளங்கை முழுக்கப் பதித்துப் பிடிப்பாளா, விரல் நுனியால் பிடிப்பாளா? பஸ்ஸில் எந்த சீட்டு? பேட்டரி மாற்றுகிற மாதிரி வேண்டுமா, சார்ஜ் போடுகிற மாதிரி வேண்டுமா? டிபிஐ எவ்வளவு? டிபிஐ என்றால், மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கு. இதை எனக்குப் புரிய வைக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் என் வண்டிக்கு வந்த லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது.

புதன்கிழமை கடைக்காரரைக் கெஞ்சி மூன்று மவுஸ்களை இரவல் வாங்கிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். கணவாய் வளைவுகளில் எது ஒழுங்காக ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். செல்போனில் இணைத்துத் தொடை மேல் ஓட்டியிருக்கிறார். பை மேல் ஓட்டியிருக்கிறார். அப்புறம் முன் சீட்டில் குனிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் முதுகில் ஓட்டியிருக்கிறார்.

கண்டக்டர் ஓடி வந்தார். "யோவ், என்னய்யா பண்ற அவரை?"

"சென்சார் பாக்கறேங்க. காட்டன் சட்டையில நல்லா போவுது. பொறுங்க, பக்கத்துல பாலியஸ்டர் இருக்காரு, அவரையும் பாத்துடறேன்."

சேலத்தில் இறங்கக்கூட இல்லை. அதே சீட்டில், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்ததும் நான் கேட்டேன், "எதுணா, சொல்லு."

"மூணும் பரவால்லீங்க. ஆனா அடுத்த மாசம் ஒண்ணு வருதாம். பொறுங்க."

"அடுத்த மாசமா? சனிக்கெழம பரீட்சைணா!"

"அவசரப்பட்டா எப்புடிங்க?"

வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. தர்மபுரிக்கு லோடு இறக்கப் போனவன், கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைந்தேன். "கேமிங் மவுஸ், வயர் இல்லாம" என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். ஏழு கலரில் விளக்கு எரிந்தது. "கேமிங்னா இதுதான் சார்" என்றார். பத்தே நிமிஷத்தில் வாங்கிவிட்டேன். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இதற்குப் போய் அந்த ஆள் நாலு நாளாக ஆராய்ச்சி பண்ணுகிறாரே என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வீட்டில் என் மனைவி செல்வி அதைப் பார்த்து, "சாமி படத்துக்கு முன்னாடி வச்சிடலாம். சீரியல் செட்டு வாங்கற செலவு மிச்சம்" என்றாள். மது கையை அதன் மேல் வைத்தாள். முழுசாகப் பழுத்த பப்பாளியைப் பிடித்த மாதிரி இருந்தது. அவள் விரல் பட்டன் வரைக்கும் எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனாள். லேப்டாப் பை மூடவில்லை. பைக்குள்ளிருந்து பச்சையும் சிவப்புமாக மின்னியதைப் பார்த்து, பஸ்ஸில் ஒரு அம்மா தள்ளி உட்கார்ந்தாராம். விளக்கு எரிந்து எரிந்து மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதுவரைக்கும் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் தோல்வி. சாயங்காலம் நான் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்து நின்றாள். வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்குக் கோயமுத்தூரு போவணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா மவுஸ் வாங்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். கையை வைத்துப் பாருங்கள். என்னைப் போல வெளிச்சத்தைப் பார்த்து வாங்க விடாதீர்கள்.

இரண்டு பேரும் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். பொறுங்க அண்ணன் என் மவுஸைக் கையில் வாங்கி, எடை பார்த்து, செத்துப் போன கோழியைக் கீழே வைப்பது மாதிரி வைத்தார். "நீங்களுமாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் இரண்டு அறை சேர்த்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

மது நேராகக் கேட்டாள். "மாமா, எனக்கு எது சரின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க பாப்பா."

"எப்ப தெரிஞ்சிது?"

அவர் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "திங்கக்கெழமையேங்க."

எனக்கு வந்த கோபத்தில், "யோவ்!" என்று கத்திவிட்டேன். வாசலில் படுத்திருந்தவர் எழுந்து ஓடிவிட்டார். நாயைச் சொல்கிறேன்.

மது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பின்ன ஏன் மாமா சொல்லல?"

"வாங்கிட்டு தப்பாப் போச்சுன்னா என்னங்க பண்றது? வாங்கற வரைக்கும் எதுவும் தப்பாப் போவாதுங்களே."

எத்தனை வருஷமாக அந்த ஆளைக் கேலி பண்ணியிருக்கிறோம். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் போல.

"தப்பாப் போனா எனக்குத்தான போவும்? நான் உங்களைத் திட்ட மாட்டேன்" என்றாள் மது. "வாங்க, வந்து எதுன்னு கைய காட்டுங்க. அது போதும்."

பொறுங்க எதையோ வாங்கப் போகிறார் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் கச்சேரி மேட்டுக்குப் போய்விட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வந்து நின்றார்கள். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் தயிர் பாக்கெட்டோடு நின்றார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார்.

பொறுங்க அண்ணன் ஓரத்தில் சின்னதாக, சாம்பல் கலரில், விளக்கே இல்லாமல் இருந்த ஒன்றைத் தொட்டார்.

"இதுங்க. பாப்பா கைக்கு அளவு சரி. எடை கம்மி. கம்ப்யூட்டர்ல சொருவற துண்டு இருக்குதில்லீங்க, நெகத்தளவு, அதை இதும் வயித்துக்குள்ளயே வச்சி மூடிக்கலாம், பஸ்ஸுல தொலையாது. ஒத்தை பேட்டரி. தீந்தா எந்தப் பொட்டிக்கடையிலயும் கெடைக்கும். அமுக்குனா சத்தம் வராது, பக்கத்து சீட்டுக்காரங்க திட்ட மாட்டாங்க."

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

"பொறுங்க..."

"அய்யா சாமி!" என்று கடைக்காரர் கும்பிட்டார். "பில்லு போட்டாச்சு. இனிமே கடவுளே வந்து சொன்னாலும் பொறுக்க மாட்டேன்." கூட்டம் கை தட்டியது. பொறுங்க அண்ணன் முகம் மட்டும் ஏதோ தப்புக் காரியம் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அவர் கடையைத் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கே என் வண்டிப் பக்கம் வந்து நின்றுவிட்டார். கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். நிற்பார், நடப்பார், டீ குடிப்பார். பத்து மணிக்கு மேல் டீயும் குடிக்கவில்லை. "புது மாடல் ஏதாவது வந்திருக்குதாணா?" என்று வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். காதில் விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் சட்டைப் பையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த மகளுக்காக நான்கூட அப்படி நிற்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒரு மணி வாக்கில் போன் அடித்தது. மதுதான். "என்னம்மா, எடுத்துட்டாங்களா?" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கிவிட்டார்.

"பாப்பா, கை வலிச்சிதுங்களா?"

அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "இல்ல மாமா. கையில மவுஸ் இருக்கறதே தெரியல."

"சரிங்க பாப்பா" என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கடையைத் திறக்கக் கிளம்பிப் போய்விட்டார். தேர்வானாளா இல்லையா என்று கேட்கவே இல்லை.

ஐந்தாவது இடம் அவளுக்குத்தான் என்று மது என்னிடம் சொன்னபோது அந்த ஆள் ரோட்டைத் தாண்டிவிட்டிருந்தார். பாதி லோடோடு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, "ணா, நில்லுணா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.