ஒரு முழம் தள்ளி

பேசத் தொடங்குமுன் அவர் வலது கையை நீட்டுவார். விரல்நுனி உங்கள் சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டால் போச்சு, அரையடி பின்னால் நகர்ந்து, மறுபடி நீட்டிப் பார்த்து, கையை மடக்கிக்கொண்ட பிறகுதான் "சௌக்கியமா?" என்பார். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து நாள் வெளிநாடு போய்வந்துவிட்டு, மிச்ச ஆயுள் முழுக்க 'அவங்க' எப்படி நிற்பார்கள், எப்படிக் கைகொடுப்பார்கள் என்று வகுப்பெடுக்கிறவர்கள்.

நம்மவர் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் உதவி மேலாளர். பட்டப்பெயர் 'முழம்'. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஆர்டர் கொடுக்க வெளிநாட்டுக்காரர் ஒருவர் வருகிறார் என்றதும் முழத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே ஒரு கவலை. ஆர்டர் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டை மூடிவிடுவார்கள். அதில் துணி வெட்டுகிறவன் சொந்த மைத்துனன். வீட்டில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"கிட்ட போகாதீங்க. தொடாதீங்க. தலைய மட்டும் லேசா ஆட்டுங்க" என்று தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினார்.

"சிரிக்கலாமா மாமா?" என்றான் மைத்துனன்.

"பல்லு தெரியாம."

வந்தவரோ வாசலிலேயே இரண்டு கைகளையும் அகல விரித்தார். சொல்லிவைத்தாற்போல (சொல்லித்தானே வைத்திருந்தது!) வரிசை மொத்தமும் ஓரடி பின்வாங்கித் தலையாட்டியது. அவர் முன்னால் வர, இவர்கள் பின்னால் போக, தையல் மெஷின்களுக்கு நடுவே ஊர்வலம் தலைகீழாக நடந்தது. கடைசியில் துணிப்பொதியில் முதுகு முட்டி, போக வழியில்லாமல் நின்றவன் மைத்துனன். அங்கிருந்தும் தலையை ஆட்டினான். விருந்தாளி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மெல்லக் கைகளை இறக்கினார். தலையை லேசாக ஆட்டினார்.

அவர் கார் கிளம்பியதும் மைத்துனன் சொன்னான்: "போச்சு மாமா. நான் வேற வேலை தேடிக்கிறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."



மறுவாரம் ஆர்டர் வந்தது! இப்போது பக்கத்து ஆலைகளுக்கும் முழமே வகுப்பெடுக்கிறார்.

சிரிக்காதீர்கள். 'அந்த ஊர்க்காரங்க எல்லாம் இப்படித்தான்' என்று நீங்கள் கடைசியாக அடித்துச் சொன்னது எப்போது?

விருந்தாளியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் பிற்பாடு ஒரு விஷயம் சொன்னார். அந்த மனிதருக்குப் பெற்ற தாயைக் கட்டிப்பிடிக்கவே கூச்சமாம். 'கட்டிப்பிடிக்கலேன்னா அவங்க மனசு புண்படும்' என்று அவருடைய ஆபீஸிலும் ஒருவர் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார். போன ஆலைகளிலெல்லாம், விருந்தாளி மனம் கோணக் கூடாதே என்று நம் ஆட்களும் எலும்பு நொறுங்க அணைத்திருக்கிறார்கள். அவர் நிம்மதியாக மூச்சுவிட்ட ஒரே ஆலை இதுதானாம்.