சந்துக்குள் ஒரு மனை ஆய்வு

படித்து முடித்த சூட்டோடு சொந்தக்காரர்களுக்கு இலவசமாக உதவக் கிளம்புகிறவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. எழுபதுகளின் கடைசியில், கட்டடப் படிப்பில் ஒரு டிப்ளமாவோடு உத்திரமேரூரில் வந்து இறங்கிய நான் அந்த ஜாதி.

சரசு அக்கா ரவிக்கை தைப்பவள். கூடத்தில் மிஷின் ஓடினால் அவள் மாமியாருக்குத் தலைவலி. "ஆடி பொறக்கறதுக்குள்ள வேற எடம் பாரு, இல்லாட்டி மிஷின வித்துடு" என்று தீர்ப்பாகிவிட்டது. கடைத்தெருவில் அரிசி மண்டிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரு சந்து. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் அநேகமாக எட்டும். மண்டிக்காரர் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார். ஆடியில் யாரும் புதுக்கடை போடுவதில்லை; அதற்குள் ஒரு கேபின் எழும்பியாக வேண்டும்.

தச்சரைக் கூப்பிடலாம் என்றாள் அக்கா. "முதலில் மனை ஆய்வு" என்றேன். (அந்தச் சந்தை 'மனை' என்று அழைத்த முதல் மனிதன் நான்தான்.)

வெயிலை அறிய நடுவில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டேன். அதன் நிழல் நகர நகர அடையாளம் வைக்கவேண்டும். சாக்பீஸ் மண்ணில் எடுபடவில்லை. எனவே காலை நிழலுக்கு மஞ்சள்தூள், மாலை நிழலுக்குக் குங்குமம். மண்ணின் ஈரம் தெரியச் செருப்பைக் கழற்றினேன். காற்றோட்டம் பார்க்க ஊதுபத்தி ஏந்தி, நான்கு திசையிலும் மெல்லத் திரும்பி, கணக்கை முணுமுணுத்தேன். விஞ்ஞானம் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குச்சிக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. முன்னால் உடைத்த தேங்காய், சுற்றிலும் பெண்கள்.

"இந்தத் தம்பி மேலதான் நேத்து அம்மன் எறங்குச்சி, நானே பாத்தேன்" என்றாள் பூக்காரி.

"நான் வெயிலைத்தாம்மா பாத்தேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன். அனல்னா அம்மன்தானே?"

மண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி எடத்துல கட வெக்க குடுத்து நான் பாவத்த கட்டிக்கணுமா? ஆள வுடு, சரசு."

அக்கா என்னைப் பார்த்தாள். மிஷின் விலைபோவது அந்தப் பார்வையில் தெரிந்தது. "பேஜார் புடிச்சவனே, நாளெல்லாம் நின்னுக்கினு இருந்தியே, இன்னாதான் கண்டுபுடிச்ச?"

"மத்தியானத்துக்கு மேல மேற்கு வெயில் நேரா உள்ள அடிக்குது. கூரைய முன்னால நீட்டி எறக்கணும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் குச்சியைக் கும்பிட்டாள். (அது நடிப்பா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.) பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கேட்டுக்கினீங்களாம்மா? மேக்கு வெயிலு அம்மன் மூஞ்சிலயே அடிக்குதாம். ஒரு கூரை வேணாவா? தெனம் வெளக்கேத்த ஆளு வேணாவா? பின்னால ஓரமா மிஷின போட்டுக்கினு நான் பாத்துக்கறேன்."

அப்படி ஒரு கட்டடக் கலைஞரை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. பூக்காரி வீட்டிலிருந்து மூங்கில் வந்தது, திருப்புலிவனத்திலிருந்து தென்னங்கீற்று. பலகை கொடுத்தது மண்டிக்காரரேதான். ஆடிக்கு முன்பே கேபின் நின்றது. நான் வரைந்த மடக்கு மேஜையும் காற்றுச் சாளரமும் காகிதத்தோடு போயின. தப்பியது அந்த நீட்டிய கூரை மட்டும். ஆடியில் மற்ற கடைகள் ஈ ஓட்ட, கூழ் ஊற்ற வந்தவர்கள் ரவிக்கைத் துணியும் கொண்டுவந்தார்கள். மாமியார் வெள்ளி தவறாமல் வந்து, மிஷின் சத்தத்துக்கு நடுவே கண்மூடிக் கும்பிட்டார். தலைவலி வந்ததாகத் தகவல் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு கட்டிவிட்டேன். புது மனை பார்க்கக் கிளம்பும்போதெல்லாம், "ஊதுபத்தி எடுத்துக்கினீங்களா?" என்று மனைவி வாசல்வரை வந்து கேட்கிறாள். அக்காவுக்கு அதுவும் போதாது. விசேஷ வீட்டுப் பந்தியில், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாள்:

"நீ போட்ட பிளான்லயே ஒழுகாம நிக்கறது என் கட ஒண்ணுதான்டா. அதுக்குக் கூட அம்மன் வரவேண்டியதா போச்சு."