வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஓவன் எடுக்கப் போன கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொலிஸ் வரவில்லை. எங்கள் ஊர் பாலையூற்றில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் பொலிஸ் ஜீப் வந்து நின்றதைத் தங்கள் கண்ணாலேயே கண்டதாகச் சொல்கிறார்கள். வந்து நின்றது றஹீம் நானாவின் லாண்ட்மாஸ்டர். இரண்டு சில்லு உழவு மெசினில் பெட்டி பூட்டி, கரையிலிருந்து மீன் ஏற்றுகிற வண்டி. நான் பரிமளம் அக்காவின் தலைமயிரைப் பிடித்து இழுக்கவும் இல்லை. மற்றபடி அன்றைக்கு நான் செய்ததாக ஊர் சொல்லும் மடத்தனங்கள் எல்லாம் உண்மைதான். அதை நானே சொல்லிவிட்டால் ஊருக்கு வேலை மிச்சம்.

மூன்று வருடத்துக்கு முன் நான், என் கணவர் நேசன், மகள் ஆரணி, மூன்று பேருமாக இங்கிலாந்துக்குப் போனோம். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு எனக்கு விசா கிடைத்தது. மற்ற இருவரும் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன் பத்து வருடமாக நான் வீட்டில் கேக் அடித்து விற்றுக்கொண்டிருந்தேன். பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கல்யாணம் என்று திருகோணமலை ரவுனில் எந்த விசேடம் என்றாலும் என் பட்டர் கேக் அங்கே இருக்கும். (தற்பெருமைதான். ஆனால் பொய்யில்லை.) நேசன் துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர். அவருடைய சம்பளம் வீட்டு வாடகைக்கு. சோறு, கறி, ஆரணியின் ரியூசன் எல்லாம் என் ஓவன் தந்தது.

போகிற நேரத்தில் நேசன் நியாயமாகத்தான் ஒன்று சொன்னார்.

“சாமான்களை ஈச்சிலம்பற்றில அண்ணையின்ர நெல்லறையில போட்டிட்டுப் போவம். ஒரு வருசம் இருந்து பாத்து முடிவெடுப்பம்.”

எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெளிநாடு போகிறவர்கள் பின்னால் சாமான் வைத்துவிட்டுப் போகக்கூடாது. வைத்தால் அது ஆளைத் திருப்பி இழுக்கும். இதை முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. யாருடையவோ அலுமாரியில் கண் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் அதை அப்படியே நம்பினேன்.

“திரும்பி வாற எண்ணம் இருக்கிற ஆக்கள்தான் சாமான் வைப்பினம். எனக்கு அந்த எண்ணம் இல்லை” என்றேன்.

சரி, விற்கலாம் என்றார். விற்றால் காசுக்கு அந்தரப்படுகிறோம் என்று கதைப்பார்கள் என்றேன். ஆகவே எல்லாவற்றையும் சும்மா கொடுத்தேன். அலுமாரி மச்சாளுக்கு. சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரையும் ஆரணியின் கணக்கு ரீச்சருக்கு. கட்டில் றஹீம் நானாவின் மகளுக்கு. நான்கு தட்டு வைக்கிற என் காஸ் ஓவன், மூன்று வீடு தள்ளியிருந்த பரிமளம் அக்காவுக்கு. அக்கா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். அதுவரை அவர் வீட்டில் ஒரு பணிஸ்கூட வெந்ததில்லை. போதாததற்கு, பத்து வருடமாக நான் அளவுகள் எழுதி வைத்த கொப்பியையும் கொடுத்தேன். இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா. பிரியாவிடைச் சாப்பாட்டில் நாற்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்று, “எனக்கு இனி இந்தச் சாமான் ஒண்டும் தேவைப்படாது, நீங்கள் எல்லாரும் வச்சு அனுபவியுங்கோ” என்று பேசினேன். யாரும் கேட்காத பேச்சு. ஒரு மருமகன் அதைப் போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். இன்றைக்கும் அது அங்கே கிடக்கிறது. அதில் என் கழுத்து நிமிர்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே அறையக் கை பரபரக்கிறது.

ஏழாவது மாதம், எங்களைக் கூப்பிட்ட நிறுவனம் ஏதோ தில்லுமுல்லுச் செய்திருக்கிறதென்று அந்த நாட்டு அரசாங்கம் அதன் அனுமதியைப் பறித்துவிட்டது. இதில் நான் செய்த குற்றம், அங்கே ஒழுங்காக வேலைக்குப் போனது. இரண்டு மாதத்துக்குள் வேறு இடம் தேடு, கிடைக்காவிட்டால் புறப்படு என்று கடிதம் வந்தது. கண்ட இடமெல்லாம் விண்ணப்பம் போட்டேன். சில பேர் பதில் போட்டார்கள், மிகவும் மரியாதையாக, இல்லையென்று. ஒன்பதாவது மாதம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினோம்.

அதே ஒழுங்கையில் வேறு ஒரு வாடகை வீடு கிடைத்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. சனசமூக நிலையத்தில் நான்கு பிளாஸ்டிக் கதிரை இரவல் வாங்கினோம். ஆட்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். சீனியும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்து, மெதுவாகக் கதிரையில் இருந்து, குரலைத் தாழ்த்தி, “எப்பிடி நடந்தது?” என்று கேட்டார்கள். நான் நிறுவனம், அனுமதி, கடிதம் என்று விளங்கப்படுத்துவேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, படலையடியில் போய், “குளிர் தாங்க ஏலாமல் வந்திட்டுதுகள் பாவம்” என்பார்கள். மச்சாள் வந்தாள். என் அலுமாரிக் கதவு இறுக்கமாக இருக்கிறதாம், எப்படித் திறக்கிறது என்று என்னிடமே கேட்டாள். ஒருவராவது ஒரு கரண்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. கொண்டுவரும்படி நான் கேட்கவும் ஏலாது; நாற்பது பேருக்கு முன்னால் பேசின பேச்சு அப்படி.

களஞ்சியத்தில் நேசனுக்குப் பழைய வேலை கிடைக்கவில்லை. அதைவிடச் சின்ன வேலை ஒன்று கொடுத்தார்கள். அலுமாரி போனால் உடுப்பைப் பெட்டியில் வைக்கலாம். ஓவன் இல்லாமல் நாங்கள் சாப்பிட ஏலாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். பரிமளம் அக்காவைப் பார்க்கப் போனேன்.

அவர் வீட்டு மதிலில் ஒரு பலகை தொங்கியது. ‘பரிமளம் கேக் ஹவுஸ்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு ரோசாப்பூ வேறு.

அக்கா அன்பாகக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார். கூடவே என் பட்டர் கேக்கில் இரண்டு துண்டு. கடித்தேன். நன்றாக இருந்தது, அதுதான் முதல் ஆத்திரம்.

“உங்கட கொப்பியில முட்டை ஒண்டு கூட, பிள்ளை. நான் குறைச்சிட்டன். இப்ப நல்லா மெத்தெண்டு வருது” என்றார் அக்கா.

பத்து வருடம். எத்தனை கல்யாணம். முட்டை ஒன்று கூடவாம். நான் அந்தத் துண்டை விழுங்கிவிட்டு, இப்போது வருமானத்துக்கு வழி ஒன்றும் இல்லை, என்ன செய்கிறதென்று தெரியவில்லை என்று பொதுவாக இழுத்தேன். அக்கா விளங்கிக்கொண்டார்.

“அதுக்கென்ன பிள்ளை, ஓவன் உங்கட சாமான்தானே. எப்ப வேணுமெண்டாலும் வந்து எடுங்கோ.”

இங்கேதான் நான் சறுக்கினேன். எங்கள் ஊரில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இதற்குப் பதில் தெரியும். “சீச்சீ, தந்தது தந்ததுதான் அக்கா” என்று சொல்ல வேண்டும். அவர் இன்னொரு முறை வற்புறுத்துவார். நாம் இன்னொரு முறை மறுக்க வேண்டும். பிறகு இரண்டு பேருமாக வேறு ஏதாவது வழி பேசலாம். சாப்பிட்ட வீட்டில் “இன்னும் கொஞ்சம் போடட்டோ” என்று கேட்டால் யாராவது உடனே கோப்பையை நீட்டுவார்களா? ஆனால் நான் ஒன்பது மாதம் வெள்ளைக்காரரோடு வேலை செய்து திருந்தி வந்தவள். அங்கே ஒருவர் ஒன்றைச் சொன்னால் நாளும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

“அப்ப வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாறன்” என்றேன்.

அக்கா சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்கிறார். நானோ, இவ்வளவு இலேசாக முடிந்துவிட்டதே என்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

நேசன் கேட்டதும் தலையில் கை வைத்தார். “அவ சும்மா ஒரு கதைக்குச் சொல்லியிருப்பா. நீர் போகாதேயும்.”

“சும்மா சொல்றதெண்டால் ஏன் சொல்லோணும்? ஆக்கள் சொன்ன சொல்லில நிக்கப் பழகோணும்” என்றேன். (நாட்டைத் திருத்த வந்திருந்தேன்.)

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, நேசனையும் இழுத்துக்கொண்டு, றஹீம் நானாவின் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நின்றபடி, மீன்வாடையோடு போய் இறங்கினேன். அக்கா வெளியே வந்தார். கை முழுக்க மா.

“என்ன பிள்ளை?”

“ஓவன் எடுக்க வந்தனான் அக்கா.”

அவர் லாண்ட்மாஸ்டரை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நாலு தட்டும் உள்ளுக்க வேகுது. உப்புவெளியில நாளைக்கு ஒரு சாமத்தியவீடு. முக்கால் மணித்தியாலம் இருங்கோ, வெந்த உடன எடுங்கோ.”

அந்த இடத்திலாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் இருந்தேன். குசினியில், என் ஓவனுக்கு முன்னால், ஒரு வாங்கில் இருந்தேன். றஹீம் நானா மெசினை நிப்பாட்டவில்லை. “நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் எடுக்கிறது பெரிய பாடு தங்கச்சி” என்றார். அது ஒழுங்கையே அதிர நின்று கத்தியது. என்ன சத்தமென்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மச்சாள் வந்தாள். கணக்கு ரீச்சரும் வந்தார். தன் கதிரைகளுக்கும் ஆபத்தோ என்று பார்க்க வந்திருப்பார். பரிமளம் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் கழுவினார். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். அவர் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. வாசம் வந்தது. கொஞ்சம் கருகுகிற வாசம் என்று நினைத்தேன். இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்: ஒரு முட்டை குறைத்து அடித்த கேக் கருக வேண்டும் என்று விரும்பினேன். எழும்பிப் போய் ஓவன் கதவைப் படாரென்று திறந்தேன்.

கேக் அடித்தவர்களுக்கு மிச்சம் தெரியும். பாதி வேக்காட்டில் காற்றுப் பட்ட நான்கு கேக்கும், என் கண்ணுக்கு முன்னாலேயே, ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் அமுங்கின. வெளியே லாண்ட்மாஸ்டர் கத்திக்கொண்டே நின்றது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஏசவில்லை. மேசை லாச்சியைத் திறந்து என் கொப்பியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்து, வாசலில் நின்ற சனம் எல்லாம் கேட்க உரத்து வாசித்தார்.

“‘நாற்பது நிமிசத்துக்கு முன்னம் ஆர் வந்தாலும், என்ன நடந்தாலும் ஓவனைத் திறக்கக்கூடாது.’ கீழ மூண்டு கோடும் போட்டிருக்கு. இது உங்கட கையெழுத்துத்தானே பிள்ளை?”

“ஓம்” என்றேன்.

முதலில் சிரித்தது ஆரணி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அல்ல. அன்றைக்குப் போகவே இல்லை, வேடிக்கை பார்க்க மதிலில் ஏறி நின்றிருக்கிறாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது மாதத்தில், அந்தக் கடிதம் வந்த அன்றுகூட நான் அழவில்லை. அந்தக் குசினியில், அமுங்கின நான்கு கேக்குக்கு முன்னால் நின்று, மூக்கு ஒழுக அழுதேன். அக்கா தன் சேலைத் தலைப்பைத் தரவில்லை. முட்டைக் கூடையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

“அழுது முடிஞ்சா உடையுங்கோ. நாளைக்குக் காலமை குடுக்கோணும்.”

அன்று பின்னேரம் வரை இரண்டு பேரும் நின்று அடித்தோம். தட்டுக்கு ஒரு முட்டை குறைத்தே அடித்தோம். மெத்தென்று வந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. றஹீம் நானா அமுங்கின கேக்கைத் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இரிக்கி” என்று பாதியைப் பேப்பரில் சுற்றிக் கிண்ணியாவிலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஓவன் வைத்த இடத்திலேயே நின்றது. திங்கட்கிழமை நான் அங்கே வேலைக்குப் போனேன். இன்றைக்கும் போகிறேன். வருமானம் பாதிப் பாதி. பலகையில் மட்டும் இன்னும் அவர் பெயர்தான். பெயின்ற் காய்ந்துவிட்டதாம், மாற்ற ஏலாதாம்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் மரியாதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. வந்தவர்களிடம் “சாப்பிட்டுத்தான் போகோணும்” என்று நான் சொன்னால், ஆரணி உள்ளேயிருந்து, “அன்ரி, அம்மா உண்மையாச் சொல்றா, நேரத்தைக் கேட்டு எழுதுங்கோ” என்பாள். குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது யாருக்காவது எதையாவது தருகிறேன் என்றால் உடனே ஒரு லாண்ட்மாஸ்டர் படம் வந்து விழும்.

இதற்குள் போன மாதம், நியூசிலாந்தில் இருக்கிற நேசனின் சிநேகிதர் ஒரு வழி இருக்கிறதென்று எழுதினார். நாங்கள் யோசிக்கிறோம். ஆரணிக்காக யோசிக்கிறோம் என்று ஊருக்குச் சொல்கிறேன். உள்ளதைச் சொன்னால், இங்கிலாந்தில் வந்த அந்தக் கடிதத்தோடு கதை முடிந்ததாக ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. வேலையில் நான் ஒரு பிழையும் விடவில்லை. பயம் இல்லையா என்றால், இருக்கிறது. போகிறதுக்கு அல்ல, அந்த நான்கு இரவல் பிளாஸ்டிக் கதிரைக்கு.

நேற்று மா அரித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். அக்கா அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓடர் எல்லாம் அதில்தான் குறித்திருக்கிறது.

“இந்த முறை எத்தினை மாசத்துக்குப் பிள்ளை?” என்றார். “நான் உங்களையும் நம்பி டிசம்பரில நத்தார் கேக் ஓடர் எடுத்து வைக்கிறதோ, இல்லையோ?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பேச்சுப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு, எடுத்து வைக்கும்படி தலையாட்டினேன்.