மூன்றாம் மாடி ஏறிய முழங்கால்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் சளி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கப் போவதில்லை. ஏன் கேட்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு மாதம் எங்களோடு வந்து தங்குவதாகச் சொன்னீர்கள். உங்களுக்காக ஓர் அறையைக் காலி செய்து, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்தினேன். சுவரில் துளை போட்ட தூசியில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அதையும் பொருட்படுத்தாமல் நேரில் வந்து அழைத்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "காலை மடக்கவே முடியல மாப்பிள்ளை. படி ஏறினா உயிர் போகுது. அடுத்த தடவை பாக்கலாம்." எங்கள் வீடு தரைத்தளம் மாமா. வாசலில் ஒரே ஒரு படி. பெரியவர் சொல்கிறார் என்று, நீங்கள் நீட்டிய துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் சகலை வீட்டுக்கும் போனேன். அவர் புது சோபா வாங்கியதை நீங்கள்தான் போனில் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பார்க்காவிட்டால் நன்றாக இருக்காதே. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. மூச்சு வாங்க ஏறி, சோபாவின் எல்லா மூலையிலும் உட்கார்ந்து பார்த்தேன். சுமார்தான். பக்கத்தில் ஓர் அறையைத் திறந்து காட்டி, "இது மாமா வந்தா தங்குறதுக்குண்ணே" என்றார் சகலை. அந்த அறையில் கம்பிகூட இல்லை.

அடுத்த வாரமே, ஒரே நாளில், உங்களுக்கும் சளி, அவருக்கும் சளி. எனக்குப் பொறி தட்டியது.

என் வேலையை 'ஏதோ மூக்குச்சளி ஆபீஸ்' என்று நீங்கள் உறவினர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். சளி பிடித்தவர்களின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து, அதிலுள்ள வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம். வைரஸ் தன்னைத்தானே பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். வேறு யாரிடமும் இல்லாத மாற்றம் இரண்டு பேரிடம் இருந்தால், அவர்களுக்குள் போக்குவரத்து இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டபோது "என் மேல என்ன அக்கறை மாப்பிள்ளை உங்களுக்கு" என்று நெகிழ்ந்தீர்கள். சகலை சிரித்துக்கொண்டே மூக்கை நீட்டினார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான்.

ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஊரில் நாங்கள் படித்த வேறெந்த மூக்கிலும் இல்லாத ஒரு மாற்றம் உங்களிடமும் இருக்கிறது, அவரிடமும் இருக்கிறது. சகலையிடம் மட்டும் இன்னோர் எழுத்தும் மாறியிருந்தது. அவருக்கு எதிலும் ஒன்று கூடுதலாக வேண்டும். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆக, நீங்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். மூன்று மாடி ஏறிய கால், என் வீட்டு ஒற்றைப் படிக்கு மட்டும் வலிக்கிறது. நீங்கள் மறைத்ததை உங்கள் மூக்கு சொல்லிவிட்டது மாமா.

பொறாமை என்பீர்கள். ஆமாம், வயிறு எரியத்தான் செய்கிறது. எனக்கு அப்பா இல்லை. உங்களைத்தான் அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். என் வீட்டுலயும் ஒரு பெரியவர் கால் நீட்டி உட்கார்ந்து, பேப்பர் படிச்சு, என்னை நாலு வார்த்தை திட்டணும்னு எனக்கு ஆசை இருக்காதா?

இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். கம்பியில் துணி காயப் போட்டிருக்கிறோம். அத்தைக்கு என் வணக்கம். சின்ன மாப்பிள்ளை எல்லா நலமும் பெற்று, சோபாவோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தரைத்தளத்து மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை முடித்த கையோடு அந்த ஒப்பீட்டை எங்கள் தலைமை ஆய்வாளர் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "சகலைகிட்ட இருந்து மாமாவுக்கு வந்திருந்தா, அந்தக் கூடுதல் மாற்றமும் சேர்ந்து வந்திருக்கணுமே. மாமாகிட்ட இருந்து அவருக்குப் போயிருந்தா, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சளி பிடிச்சிருக்காது. ரெண்டு பேருக்கும் வேற யாரோ குடுத்திருக்காங்க. ரெண்டு வீட்டுக்கும் போனது யாரு?" நான் பதில் சொல்வதற்குள் தும்மல் வந்துவிட்டது. அவர் பஞ்சுக்குச்சியை எடுத்தார்.

தூசி இல்லை மாமா. அந்த மாற்றம் என் மூக்கிலும் இருக்கிறது, உங்களிடம் இருப்பது போலவே, கூடுதல் எழுத்து இல்லாமல். நீங்கள் எந்த மாடியும் ஏறவில்லை. துண்டும் சோபாவும்தான் காரணம்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உங்கள் மகள் பிடுங்கிப் படித்துவிட்டு, "அப்பா படிச்சு சிரிக்கட்டும்" என்று ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பியிலிருந்த துணியை எடுத்துவிட்டேன். கால் சரியானதும் அவசியம் வாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என் மூக்கிலிருந்து கிளம்பிய வைரஸ் உங்களிடம் வந்தும் மாறாமல் அப்படியே இருக்கிறது. சகலை வீட்டுக்குப் போனதும்தான் ஓர் எழுத்து முன்னேறியிருக்கிறது.