அப்பாசாமியின் பத்துச் சட்டப் பெட்டி

அன்று காலையும் அப்பாசாமிக்குத் தேனீக் கவலையோடுதான் விடிந்தது. எழுந்ததும் நேரே மிளகுத் தோட்டத்துக்கு ஓடி, தேன்பெட்டியில் காதை வைத்தான். உள்ளே சத்தம் இருந்தது. ஆனால் ஊரைவிட்டுப் போகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டே குசுகுசுவென்று பேசுகிற சத்தம்.

போனால் போகட்டும் என்று விட முடியுமா? அந்த ஈக்கள்தான் அவனைக் களைவெட்டிலிருந்து காப்பாற்றி வந்தன. "ஈயைப் பாத்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவன் நிழலில் உட்கார்ந்தால், மரவள்ளிக் காடு முழுவதையும் அவன் மனைவி பெருமாயி ஒருத்தியே கொத்திவிட்டு வருவாள்.

வினை பெட்டியில் இருந்தது. மரப்பொந்திலிருந்து பிடித்த கூட்டம், அடை கட்டுகிற மரச்சட்டம் நாலுக்குக்கூடக் காணாது. செல்போனில் யாரோ சமவெளிக்காரர் பெரிய ஜாதி ஈ வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, அதே அளவில் பத்துச் சட்டப் பெட்டி அடித்துவிட்டான் அப்பாசாமி. பெட்டியைப் பார்த்த அன்றே பெருமாயி கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, கைப்பிடி ஈக்கு இத்தாம்பெரிய பெட்டியா? நம்ம குளிருக்கு உள்ளயே வெறைச்சுப் போயிருமுங்க."

"உனக்கென்ன தெரியும்? வளர்ற புள்ளைக்கு ரெண்டு அளவு கூட வெச்சுத்தான் சட்டை எடுக்கோணும்."

"சட்டை பெருசுன்னு புள்ளை ஓடிப்போகாதுங்க. ஈ ஓடிப்போயிரும்."

"போகாது!"

"போச்சுன்னா? இல்ல, பெட்டி பெருசுன்னு நீங்களே வாயைத் தொறந்து சொன்னீங்கன்னா?"

"அப்புறம் ஈ உன் பாடு, களைவெட்டு என் பாடு. போதுமா?"

போதவில்லை. அதே மலையில் அரியூர் நாட்டுப் பகுதியில் இருக்கும் தன் அண்ணன் மாணிக்கத்துக்கு அப்போதே போன் போட்டு, பந்தயத்துக்குச் சாட்சியும் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பனி இறங்கியது. ஈக்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. அப்பாசாமிக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. உள்ளே ஒரு தடுப்புப் பலகையைச் செருகிவிட்டால் பெட்டி பாதியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பெருமாயி செம்மேட்டுச் சந்தைக்குப் பஸ் ஏறியதுதான் தாமதம், பலகையும் கையுமாகப் பறந்தான். மூடியைத் தூக்கினான்.

உள்ளே ஏற்கெனவே ஒரு பலகை நின்றது. அதற்கு அந்தப் பக்கம் குளிர் புகாமல் வைக்கோல். இந்தப் பக்கம் ஈக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கதகதப்பாக இருந்தன.

பெருமாயி! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஈ சாகக் கூடாதென்று தன் பந்தயத்தையே கெடுத்துக்கொண்டாளே! மூடியை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வீடு திரும்பினான். அன்று களி இரண்டு உருண்டை இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் வந்து பெட்டியைத் திறந்தான்.

"அட, ஜோரா நிக்குதே! இந்தத் தடுப்பை வெச்சது ஆரு மாப்ளே? நல்ல மூளை!"

அப்பாசாமி மனைவியைப் பார்த்தான். அவள் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. விட மனசு வரவில்லை.

"நான்தான் மச்சான்."

"எதுக்குங்க வெச்சீங்க?" என்று மெல்லக் கேட்டாள் பெருமாயி.

"எதுக்கா? பெட்டி இவ்வளவு பெருசா இருந்தா ஈ எப்படிப் புள்ளே நிக்கும்?"

சொன்னதை விழுங்கலாமென்று பார்த்தான். அதற்குள் மாணிக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"வடக்கோரத்துல இருந்து ஆரம்பிங்க," என்றாள் பெருமாயி. "அங்கதானுங்க களை சாஸ்தி."